தண்ணி விழுதா?

யாரும் நிற்காத இடத்தில் வெந்நீர் விழுந்துகொண்டிருக்கிறது, மலையிலிருந்து மரக்குழாய் வழியாக இறங்கி, ஆள் உயரத்துக்கும் மேலிருந்து, அடியில் கிடக்கும் தட்டைக் கல்லின்மேல் தடதடவென்று, ஒரு நிமிஷம் ஓயாமல், அதைப் பார்த்தபடி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கிறாள் குழலி, உடம்பு வெந்துகொண்டிருக்கிறது, தலை மட்டும் காய்ந்து கிடக்கிறது, அம்மா, அதுக்குக் கீழ தோளத்தான் காட்டணும், தலையை வைக்கக் கூடாது, போர்டுல எழுதியிருக்கு பாரு, என்கிறாள் மகள் ஜெனிலா, ஓசாகாவிலேயே பிறந்து வளர்ந்த பெண், எந்த விதியையும் அதை எழுதிவைத்தவனைவிடப் பொறுப்பாகக் காப்பாற்றுகிறவள், கூந்தலை உச்சியில் சுருட்டிக் கிளிப் போட்டு, அதன்மேல் மடித்த சின்னத் துண்டை வைத்துக்கொண்டு, பத்து வருஷமாக இந்த ஊற்றிலேயே ஊறிக் கிடப்பவள் மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறாள், மூடின கண்ணோடே, இந்தத் தொட்டியிலயும் தலை முங்கக் கூடாதும்மா, எல்லாரும் உக்கார்ற தண்ணி, என்று விட்டுப்போன விதியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள், தெரியும்டீ, என்கிறாள் குழலி, அது தெரிந்திருப்பதுதான் இப்போது அவளுக்குப் பெரிய கஷ்டம். அவளுடைய அப்பா இறந்துபோன சேதி வந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மகளிடம் சொல்லவில்லை, சேதி காதில் விழுந்ததும் பெண்ணாய்ப் பிறந்தவள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும், அது அவளுடைய ஊர் வழக்கம், இங்கேயோ சுற்றிலும் தண்ணீர், தலையில்தான் ஒரு சொட்டு இல்லை.

மலைமேல் பஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மகளுக்குப் பரீட்சை முடிந்தது, எட்வினுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, என்று அவன்தான் இந்த விடுதியில் அறை எடுத்துக் கொடுத்தான், பழைய மரவீடு, வாசலிலேயே செருப்பை வாங்கிக்கொண்டார்கள், நடைக்கு ஒரு செருப்பு, கக்கூசுக்கு வேறு செருப்பு, பாய் விரித்த அறைக்குள் வெறுங்கால், விடுதிக்கார அம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்து பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், குளிக்கப் போகவும் வரவும் மேலே சுற்றிக்கொள்கிற பருத்தி அங்கியை மடித்து முன்னால் வைத்தாள், எத்தனை மணிக்குச் சாப்பாடு வேண்டும் என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள், அப்போதுதான் போன் அதிர்ந்தது, திரையில் தம்பி நெல்லையப்பன் பெயர், அவன் கூப்பிடுவது வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ, அதுவும் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குழலி எழுந்து நடைக்குப் போய் எடுத்தாள், எக்கா, அப்பா போய்ட்டாவ, என்றான், காலைல காப்பி குடிச்சிட்டு ஆபீஸ் ரூம் சேர்ல சாஞ்சாவ, போன் அடிச்சுது, எடுக்கல, என்னடா எடுக்காம இருக்காவளேன்னு போய்ப் பாத்தேன், அவ்வளவுதான், என்றான், அவன் அழவில்லை, அழுது முடித்திருந்தான், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சித்தப்பா ஒனக்குச் சொல்ல வேண்டாம்னுதான் சொன்னாவ, அவளுக்கு அன்னைக்கே முழுகியாச்சு, முழுகினதுக்கு அப்புறம் அவளுக்கு ஏது தீட்டுங்காவ, எனக்கு மனசு கேக்கலக்கா, ஒங்கிட்டச் சொல்லிட்டேன், இனி நீ பாத்துக்கிடு, என்று வைத்துவிட்டான். குழலி நடையிலேயே நின்றாள், செருப்பு எந்த அறைக்குரியது என்பதே மறந்துவிட்டது, கக்கூஸ் செருப்போடு பாயில் கால் வைக்கப் போனவளை, ஐயோ அம்மா, என்று ஜெனிலா பிடித்துத் தள்ளினாள்.

நீ பாத்துக்கிடு என்றால் எதைப் பார்ப்பது, போய்ச் சேர முடியாது, வெயில் சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள், இங்கிருந்து விமான நிலையம் போகவே பாதி நாள், இருக்கிற இடத்தில் செய்யக் கூடியது ஒன்றே ஒன்றுதான், தலையை நனைப்பது, அதையும் செய்யாதே என்கிறார் சித்தப்பா, செய்யாதே என்கிறது போர்டு, அவளுக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள், அவள் இன்னும் கறாராகச் சொல்கிறாள், அவர் உயிரோடு இருந்த மகளுக்குத் தலை முழுகினவர், அவருக்கு நீ எதற்கு முழுகுகிறாய், செத்தவள் செத்தவனுக்கு எந்த ஊரில் சடங்கு செய்கிறாள், பேசாமல் குளித்துவிட்டுப் போய் மீன் சாப்பிடு. சரிதான் என்று தோன்றுகிறது, தோன்றின அடுத்த நிமிஷம் தண்ணீருக்குள் உட்கார முடியவில்லை, எழுந்து விளிம்புக் கல்லில் உட்காருகிறாள், மலைக்காற்று முதுகில் சுள்ளென்று அடிக்கிறது, மறுபடி இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள், ஏம்மா ஏறி ஏறி இறங்குற, கூச்சமா இருக்கா, நாம ரெண்டு பேர்தானே இருக்கோம், என்கிறாள் மகள், ஆமா, கூச்சம், என்கிறாள் குழலி, துணி இல்லாமல் மகள் முன்னால் உட்கார்ந்திருப்பது கூச்சமாகத்தான் இருக்கும் என்று வரும் வழியெல்லாம் பயந்துகொண்டிருந்தாள், இப்போது அது நினைப்பிலேயே இல்லை, கட்டின துணியோடு முழுக வேண்டும் என்பார்களே, கட்டிக்கொள்ள ஒரு துணியும் இல்லாத இடத்தில் வைத்தா இந்தச் சேதி வர வேண்டும் என்று மட்டும் எரிச்சலாக வருகிறது.

குளியலுக்கு வருகிறவர்களை வைத்துப் பிழைத்த குடும்பம் அவளுடையது, குற்றாலத்தில் அப்பாவுக்கு ஒரு லாட்ஜ், மாடியில் ஆறு கீழே ஆறு, சாரல் விழ ஆரம்பித்தால் ஊரே எண்ணெயும் ஈரத்துண்டுமாக நாறும், படியெல்லாம் சொதசொதவென்று கிடக்கும், அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் குழலிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் லாட்ஜ்தான் வீடு, ஆபீஸ் ரூமில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், அந்தக் கறுப்புப் போன் அடித்துக்கொண்டே இருக்கும், மதுரையிலிருந்து, கோயமுத்தூரிலிருந்து, மெட்ராஸிலிருந்து, யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி வணக்கம் இல்லை, வாடகை இல்லை, தண்ணி விழுதா, அதுதான், அப்பா மாடிக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து உள்ளதைச் சொல்லுவார், நல்லா விழுது, வாங்க, என்பார், இல்லையென்றால், விழல சார், பாறைதான் கெடக்கு, வராதீய, என்பார், பக்கத்து லாட்ஜ்காரர்கள் எல்லாம், சுமாரா விழுது வாங்க, என்று ஆளை வரவழைத்துவிடுவார்கள், அப்பாவுக்கு அது வாயில் வராது, பொய் சொல்லி வரவச்சா வந்தவன் காய்ஞ்ச தலையோட திரும்பிப் போவான், அவன் மூஞ்சிய நான்தானே பாக்கணும், என்பார். அவரோ அருவியில் குளித்து யாரும் பார்த்ததில்லை, குற்றாலத்துக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான், ஊரெல்லாம் வந்து அருவியில் நிற்க, அவர் கொல்லைக் குழாயில் ஒரு வாளியைப் பிடித்துவைத்து, அதிலும் பாதியை மிச்சம் வைத்துவிட்டு வருகிற ஆள், ஏன்ப்பா அருவிக்குப் போறதில்லன்னு கேட்டால், கடைக்காரன் அல்வா தின்னா வெளங்குமாட்டி, என்பார், லாட்ஜ் முழுக்கப் போர்டு மாட்டி வைத்திருந்தார், மூலைக்கு ஒன்று, கம்பியில் துணி காயப்போடாதீர், எண்ணெயோடு கட்டிலில் படுக்காதீர், படியில் ஓடாதீர், குழலிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததே அந்தப் போர்டுகளில்தான்.

அந்தக் கம்பியில்தான் ஒரு ஈரத்துண்டு தொங்கியது, நீலக்கோடு போட்டது, கீழே வெள்ளைச் சுவரில் சொட்டிக்கொண்டிருந்தது, குழலி மாடி ஏறிப்போய், போர்டுல எழுதியிருக்குல்ல, படிக்கத் தெரியாதா, என்று கேட்டாள், தூத்துக்குடியிலிருந்து நண்பர்களோடு சீசனுக்கு வந்திருந்த பையன், பல் தெரியாமல் சிரித்து, படிச்சேன், யாராவது வந்து திட்டுறாங்களான்னு பாத்தேன், என்றான், அவன்தான் எட்வின், அடுத்த சீசனுக்கும் வந்தான், அதற்கடுத்து சீசன் இல்லாதபோதும் வந்தான், அருவியில் பொட்டுத் தண்ணீர் இல்லாத மாதத்தில் குளிக்க வந்தேன் என்று ஒருவன் அறை எடுத்தால் லாட்ஜ்காரருக்குத் தெரியாதா, தெரிந்தும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, சாவியை மேஜைமேல் தள்ளிவிட்டுக் குழலியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான், பிறகு அவள் போய்விட்டாள், ஒரு மத்தியானம், தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவன் காத்திருந்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா, வேதக்காரப் பையன், கிறிஸ்தவன், என்பது ஒரு பேச்சு, அதைவிடப் பெரிய பேச்சு, லாட்ஜில் தங்க வந்தவனோடு லாட்ஜ்காரன் மகள் போய்விட்டாள் என்பது, நாளைக்கு எவன் குடும்பத்தோடு அங்கே வந்து தங்குவான் என்று சித்தப்பா குதித்தார், ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து போன் செய்தபோது தம்பிதான் எடுத்தான், சின்னப் பையன், மூச்சுவிடாமல் ஒப்பித்தான், எக்கா, அப்பா மெயின் அருவிக்குப் போயி ஒனக்கு முழுகிட்டு வந்துட்டாவளாம், சித்தப்பா சொன்னாவ, தெருவுல எல்லாரும் சொல்லுதாவ, இனிமே நீ பேசக் கூடாதாம். அவள் போனை வைத்தாள், டெலிபோன் கூண்டுக்கு வெளியே எட்வின் சில்லறையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

அன்றிலிருந்து அப்பா அருவியில்தான் நிற்கிறார், அவளுக்கு மட்டும் தெரிகிற அருவியில், கனவில் வருகிறார், சமையல் செய்யும்போது வருகிறார், ஓசாகாவில் மழை பெய்தால் வருகிறார், போட்ட சட்டையோடு, மடித்துக் கட்டின வேட்டியோடு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறார், தண்ணீர் அவர் தலையில் மொத்தையாக விழுகிறது, பாறை அதிர்கிறது, சாரல் புகையாய் எழும்புகிறது, குற்றாலத்தில் பிறந்தும் ஒரு தடவைகூட அருவிக்குக் கீழே நிற்காத மனுஷன், எனக்காக நின்றார், என்னை ஒழித்துக்கட்டுவதற்காக நின்றார், என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கும், ஆத்திரத்தில்தான் அவள் இத்தனை வருஷமும் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, ஜெனிலா பிறந்ததைச் சொல்லவில்லை, அவளுக்கு மொட்டை போட்டதைச் சொல்லவில்லை, தாத்தா எப்படி இருப்பார் என்று குழந்தை கேட்டபோது தூத்துக்குடித் தாத்தாவின் படத்தைக் காட்டினாள், இதோ இப்போதும் இந்தக் குழாயிலிருந்து விழும் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அப்பா அதற்குக் கீழே வந்து நின்றுவிடுவார் போலிருக்கிறது, பார்க்காமல் இருக்கலாம் என்றால் சத்தம் விடமாட்டேன் என்கிறது, அம்மா, ஒனக்கு மயக்கமா வருதா, வெளியில உக்காரு, ரொம்ப நேரம் சூட்டுல இருக்கக் கூடாது, என்று மகள் சொல்கிறாள், குழலி எழுந்து, வேறு எங்கே போவதென்று தெரியாமல், அந்தக் குழாயின் பக்கம் போகிறாள்.

விழுகிற தண்ணீருக்குக் கீழே அல்ல, பக்கத்தில், தெறிப்பு மட்டும் காலில் படுகிற தூரத்தில் நிற்கிறாள், அந்தக் கல்லைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, ஊற்றுத் தண்ணீரில் இருக்கிற உப்போ கந்தகமோ, வருஷக்கணக்கில் காய்ந்து ஏடு ஏடாக ஒட்டியிருக்கிறது, காலை எடுத்தால் பெருவிரலில் வெள்ளையாக அப்பிக்கொண்டு வருகிறது, சுண்ணாம்பு மாதிரி, அட, சுண்ணாம்பு, என்று சிரிக்கப் போனவள் அப்படியே நிற்கிறாள், இதே மாதிரிதான், இதே பெருவிரல், சென்னைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டே போனாளே, செருப்பு வாரில் வெள்ளை, விரலிடுக்கில் வெள்ளை, எட்வின், என்ன காலெல்லாம், என்று கேட்டான், லாட்ஜுல வெள்ளை அடிக்காங்க, என்றாள், ஆமாம், வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள், நடையெல்லாம் சுண்ணாம்பு வாளி, அப்பா ஆள்காரர்களோடு மாடியில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்தில்தான் அவள் கீழ் வழியாக நழுவினாள், வெளியே வெயில் கொளுத்தியது, வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது, சீசனில் எந்த லாட்ஜ்காரன் வெள்ளை அடிப்பான், அடித்தால் காயுமா, பங்குனியில்தான் அடிப்பார்கள், வருஷா வருஷம், ஆள் வராத மாதம், போன் அடிக்காத மாதம், பங்குனியில் ஏது அருவி.

பங்குனியில் ஏது அருவி, என்று வாய்விட்டே சொல்கிறாள், என்னம்மா, என்கிறாள் மகள், ஒண்ணுமில்ல, நீ இரு, இந்தா வரேன், என்று ஈர உடம்பிலேயே அந்த அங்கியைச் சுற்றிக்கொண்டு நடையில் ஓடுகிறாள், கால் வைத்த இடமெல்லாம் ஈரம், விடுதிக்கார அம்மாள் தட்டோடு எதிரே வந்தவள் சுவரோரமாக ஒதுங்கிக் குனிந்து வழிவிடுகிறாள், குழலி அவளுக்குப் பதிலுக்குக் குனியவும் மறந்து அறைக்குள் போய் போனை எடுக்கிறாள், அருவி என்று சொன்னதும் தண்ணீரைத் தானாகவே சேர்த்துக்கொண்டுவிட்டேனே, அந்த ஊரில் பிறந்து, அந்தப் போனுக்கு எதிரே உட்கார்ந்து வளர்ந்து, கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேனே, எவனோ மதுரைக்காரன் கேட்பான், கோயமுத்தூர்க்காரன் கேட்பான், நான் கேட்கவில்லையே, மணி அடிக்கிறது, தம்பி எடுக்கிறான், பின்னால் சங்குச் சத்தமும் ஆட்கள் சத்தமும், எக்கா, இன்னும் செத்த நேரத்துல எடுத்துருவோம், சொல்லு, என்கிறான், நெல்லை, ஒண்ணே ஒண்ணு கேக்கேன், நான் போனப்ப, அப்பா முழுகப் போனாவன்னு சொன்னியே, அன்னைக்குத் தண்ணி விழுந்துச்சா. தம்பி சங்குச் சத்தத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வந்து, இப்போது அந்த லாட்ஜை அவன்தான் பார்க்கிறான், லாட்ஜ்காரன் குரல் அவனுக்கும் வந்துவிட்டது, பங்குனியில தண்ணி எங்கேக்கா விழும், பாறைதான் கெடக்கும், என்கிறான், சொன்ன பிறகு அவனுக்கே அது காதில் விழுந்த மாதிரி நிறுத்துகிறான், அப்பா திரும்பி வந்தது ஞாபகம் இருக்காடா, என்று கேட்கிறாள், இருக்குக்கா, நான் வாசல்லதான் வெளையாடிக்கிட்டு இருந்தேன், வேட்டி மொடமொடன்னு இருந்துச்சு, தலை காய்ஞ்சுதான் இருந்துச்சு, வந்து ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சாவ, சித்தப்பா தெருவுல நின்னு, அண்ணன் முழுகிட்டு வந்தாச்சு, முழுகிட்டு வந்தாச்சுன்னு சொன்னாவ, அப்பா ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல, ஒனக்குச் சொன்னவன் நான், எனக்கே இப்பத்தான்க்கா தோணுது, என்று சொல்லிக்கொண்டே வந்தவன் உடைந்து அழுகிறான்.

கொல்லையில் குழாய் இருந்தது, வாளி இருந்தது, பன்னிரண்டு அறையிலும் பன்னிரண்டு குழாய் இருந்தது, தலை முழுக வேண்டும் என்று நினைக்கிறவனுக்குக் குற்றாலத்தில் தண்ணீருக்கா பஞ்சம், சித்தப்பா பக்கத்தில் நின்று முழுகு முழுகு என்று நெருக்குகிறார், தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது, அப்போது அவர் எங்கே போகிறார், அந்த ஊரிலேயே தண்ணீர் இல்லாத ஒரே இடத்துக்குப் போகிறார், மாடியிலிருந்து தினமும் மலையைப் பார்த்துச் சொல்கிற மனுஷன், விழவில்லை என்று தெரிந்தேதான் போகிறார், வெயிலில் வெறும் பாறைக்குக் கீழே போய், எவ்வளவு நேரமோ, நின்றுவிட்டு, காய்ந்த தலையோடு திரும்பி வருகிறார், பொய் சொல்ல வாய் வராதவர், அதனால் வாயையே திறக்கவில்லை, அப்பா, அப்பா, என்று குழலி பாயில் உட்கார்ந்து வாயில் அங்கியின் கையை வைத்துப் பொத்திக்கொள்கிறாள், என் பிள்ளைக்குத் தலை முழுக மாட்டேன் என்று உன்னால் சொல்ல முடியவில்லை, முழுகவும் முடியவில்லை, என்றாவது ஒருநாள் நான் யோசித்துப் பார்ப்பேன் என்று இருந்தாயா, லாட்ஜ்காரன் மகள், மாசக் கணக்குத் தெரியாதா என்று காத்திருந்தாயா, அந்தப் போன் அடிக்கும்போதெல்லாம், தண்ணி விழுதா என்று நான் கேட்பேனென்று எடுத்தாயா. அழுகை அடங்கவில்லை, ஆனால் உடம்பில் இருந்த அந்தப் பரபரப்பு, எங்கும் உட்கார விடாமல் விரட்டின அது, எங்கோ இறங்கிப்போய்விட்டது, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இந்தத் தடவை செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, குளிக்கிற இடத்துக்குத் திரும்பிப் போகிறாள்.

ஜெனிலா தண்ணீரிலிருந்து எழுந்து விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறாள், பயந்துபோய், என்னம்மா ஆச்சு, அப்பாவுக்கு ஏதாவதா, என்கிறாள், ஒங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல, எங்கப்பா, ஒன் தாத்தா, காலைல தவறிட்டாவ, என்கிறாள் குழலி, தாத்தா இருந்தாரா, என்று கேட்கிறாள் மகள், எதற்கும் கண் கலங்காத குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறது, இருந்தாவ, இன்னைக்கு வரைக்கும் இருந்தாவ, நான்தான் காட்டல, சொல்லுதேன், எல்லாம் சொல்லுதேன், குற்றாலத்துல ஊர் முழுக்கத் தெரியும் அவுகள, ஒன்ன மாதிரித்தான், எங்க பாத்தாலும் போர்டு மாட்டி வைப்பாவ, சொல்லிக்கொண்டே அவள் அந்த மரக்குழாயை நோக்கி நடக்கிறாள், அங்கியைக் கழற்றவில்லை, கட்டின துணியோடுதான் முழுக வேண்டும், வெள்ளை அப்பின கல்லில் கால் வைக்கிறாள், அம்மா, டிரெஸ்ஸோட, அம்மா, தலை, என்று ஆரம்பித்த ஜெனிலா பாதியில் நிறுத்திக்கொள்கிறாள், கூரைக்கு மேலே மலை இருட்ட ஆரம்பித்திருக்கிறது, ஊரில் இன்னும் வெயில் இருக்கும், தூக்கியிருப்பார்கள், குழலி தலையைக் குனிந்து உள்ளே நுழைகிறாள்.

உச்சியில் விழுகிறது, சூடாக, மொத்தையாக, மூச்சு முட்டுகிற மாதிரி, காது இரண்டும் அடைத்துக்கொள்கிறது, கண்ணைத் திறந்தால் தண்ணீர்த் திரைக்கு அந்தப் பக்கம் எல்லாம் கலங்கலாக, வெயில் அடிக்கிற வெறும் பாறையும் தெரிகிறது, அதன் கீழே வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணாடியைக் கழற்றாமலே மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளும் தெரிகிறார், நல்லா விழுதுப்பா, வாங்க, என்கிறாள் அவரிடம், சத்தமாகவே சொல்கிறாள், ஊரெல்லாம் குளிக்கவைத்துவிட்டுக் காய்ந்த தலையோடு போன மனுஷனுக்கு யாராவது சொல்ல வேண்டாமா, அவளுடைய முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டுகிறது, அங்கி கனக்கிறது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பக்கத்தில் ஏதோ அசைகிறது, ஜெனிலா வந்து நிற்கிறாள், தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, போர்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மா, நானும் நிக்கணுமா, என்று கேட்கிறாள், குழலி அரை அடி நகர்ந்து இடம் விடுகிறாள், மகள் கிளிப்பைக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளே வருகிறாள். இத்தனை நேரம் தடதடவென்று கல்லில் கேட்ட சத்தம் இப்போது கேட்கவில்லை.